லூயிஸ் ஏலத்தில் திருச்சிக்காரர்கள்

ஈஸ்ட் குரோய்டனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லூயிஸ் வந்துவிடுகிறது. கேட்விக் விமான நிலையம் வரை வீடுகளும் கிடங்குகளும் கூடவே வரும். அதைத் தாண்டினால் மரங்கள், ஈர மேய்ச்சல் நிலம், அங்கங்கே ஆடுகள். ஹேவர்ட்ஸ் ஹீத்துக்குச் சற்று முன்னால் ஊஸ் பள்ளத்தாக்கைப் பாலத்தின் மேல் கடக்கிறோம். 1841-இல் கட்டிய அந்தப் பாலத்தில் 37 வளைவுகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள். ரயிலுக்குள் இருப்பவருக்கு வளைவுகள் தெரியாது, கீழே கிடக்கும் பச்சை மட்டும்தான் தெரியும். அதன் பிறகு சுண்ணாம்புக் குன்றுகள் தொடங்குகின்றன. புல் சரிந்த இடங்களில் குன்றின் உள்வெள்ளை எட்டிப் பார்க்கிறது.

மாமா பக்கத்து இருக்கையில் அச்சடித்து எடுத்துவந்த பட்டியலைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். குரோய்டனில் வெகுகாலமாக இருக்கிறார். பழைய சுவர்க்கடிகாரங்கள் மேல் அவருக்குத் தீராத ஆசை, அதனால் தென் இங்கிலாந்தின் சிற்றூர் ஏலங்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். நான் திருச்சியிலிருந்து வந்திருந்த சமயம், அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். லூயிஸில் நடக்கும் பொது ஏலம் ஒன்றில் லாட் 412. குறிப்பு ஒரே வரி: இந்தியப் பாணி, 19ஆம் நூற்றாண்டு, தொழில்களைக் காட்டும் மைக்கா ஓவியங்கள் பன்னிரண்டு, ஏ.எஃப். அதற்கு முந்தைய லாட் ஒரு பை நிறைய கோல்ஃப் மட்டைகள். பிந்தையது வெள்ளி முலாம் பூசிய கரண்டிகள் ஒரு பெட்டி.

"ஃபோன்ல தெரியறது பாதிதான் மாப்ளே. மிச்சப் பாதி பொருளோட முதுகுல இருக்கும். போய்ப் பாத்துரலாம்" என்றார் மாமா. அப்படித்தான் இந்தப் பயணம் அமைந்தது.

இங்கே ஏலங்களில் இரண்டு வகை. கலைப்பொருள் ஏலம் என்று தனியாக நடத்துவதில் ஒவ்வொரு பொருளுக்கும் நல்ல படம், நீண்ட குறிப்பு, நிபுணர் கருத்து எல்லாம் இருக்கும். ஜெனரல் சேல் எனப்படும் பொது ஏலம் வேறு. ஒருவர் இறந்துபோகிறார், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போகிறார், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள். கட்டில், கம்பளம், தேநீர்க் கோப்பைகள், சுவரில் மாட்டிய படங்கள், பரணில் கிடந்த பெட்டிகள் எல்லாம் ஒரே வேனில் ஏலக்கூடத்துக்கு வந்து சேரும். ஒரு ஆள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்குக் குறிப்பு எழுத வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் ஒரு வரிதான் எழுத முடியும். நல்ல பொருள் கவனிக்கப்படாமல் போவதும், சாதாரணப் பொருள் பெரிய பெயரோடு வருவதும் அந்த ஒரு வரியில்தான்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஏலத்துக்கு அந்த வட்டாரத்து வியாபாரிகள்தான் வருவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்பது, பிறகு வெளியே போய்ப் பங்கு பிரித்துக்கொள்வது என்று ஒரு பழக்கம் இருந்தது. அதைத் தடுக்க 1927-இலேயே இங்கே தனிச்சட்டம் போட்டார்கள். சட்டத்தைவிட இணையம் அதற்குப் பெரிய இடைஞ்சல் என்பது என் எண்ணம். இப்போது லூயிஸின் ஏலத்தைச் சிங்கப்பூரிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் பார்க்கிறார்கள். தி சேல்ரூம், ஈசி லைவ் ஆக்ஷன் போன்ற தளங்கள் நூற்றுக்கணக்கான சிற்றூர் ஏலக்கூடங்களை ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டன. 2020-இல் பெருந்தொற்று வந்து ஏலக்கூடங்கள் கதவை மூடியபோது, இருக்கை போட்டு நடத்திய ஏலங்களும் திரைக்குப் போயின. அவற்றில் பல இன்னும் திரும்பவில்லை.

இதன் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூ ஜெர்ஸியில் புளூம்ஃபீல்ட் என்ற ஊரில் 2015-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் நிலவறையிலிருந்து வந்த சிறிய ஓவியம் ஒன்றுக்கு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணி என்று எழுதி, 500 முதல் 800 டாலர் வரை மதிப்புப் போட்டிருந்தார்கள். மயங்கிக் கிடக்கும் ஒருவன் மூக்கருகே மருந்துத் துணியைப் பிடிக்கும் காட்சி. ஐம்புலன்களைப் பற்றி ரெம்பிராண்ட் தம் பதின்பருவ முடிவில் வரைந்த வரிசையில் காணாமல் போயிருந்த, வாசனைக்கான படம் அது என்று அடையாளம் கண்ட பாரிஸ் வியாபாரிகள் இருந்தார்கள். ஏலம் 8,70,000 டாலரில் முடிந்தது. இந்தக் கதையைக் கேட்டு ஆசைப்பட்டுப் பொது ஏலத்தில் இறங்குகிறவர்கள் நிறைய. ஆனால் அந்தப் பாரிஸ் வியாபாரிகள் வாங்கியது வாழ்நாள் முழுதும் டச்சு ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணால். அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்வது அவர்கள் உழைப்பைக் குறைப்பது.

லூயிஸ் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ஏற வேண்டும். சாலை செங்குத்தாக ஏறி ஹை ஸ்ட்ரீட்டில் சேர்கிறது. மேலே நார்மன் காலத்துக் கோட்டை. பின்னாளில் அமெரிக்க விடுதலைக்கு எழுத்தால் தீ மூட்டிய தாமஸ் பெய்ன், 1768 முதல் 1774 வரை கலால் அதிகாரியாக இங்கேதான் வாழ்ந்தார், அவர் இருந்த புல் ஹவுஸ் இன்னும் நிற்கிறது. மறுபக்கம் இறங்கினால் ஊஸ் ஆறு, பாலம், அதை ஒட்டி ஹார்வீஸ் மது ஆலை. ஆலை வேலை செய்யும் நாளில் ஊரெங்கும் மால்ட் வாசனை அடிக்கும் என்றார் மாமா. நாங்கள் போன அன்று அது இருந்தது, சூடான வரகரிசிக் கஞ்சியை நினைவூட்டும் ஒரு வாசனை. பாலத்தின் இரு பக்கமும் பழம்பொருள் கடைகள். கதவைத் திறந்ததும் மெழுகும் தூசியும் கலந்த காற்று வரும் கடைகள். அவற்றுள் ஒன்றில்கூட நுழைய மாமா விடவில்லை. பார்வை நேரம் மதியத்தோடு முடிந்துவிடும்.

ஏலக்கூடம் வெளியிலிருந்து பார்க்க ஒரு பெரிய கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாக மேசைகள், மேசைகள்மேல் நாற்காலிகள், சுவரெங்கும் படங்கள், நடுவே பூட்டிய கண்ணாடி அலமாரிகள். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டிய சிறு சீட்டு. ஏப்ரன் கட்டிய பணியாளர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. தரைக்குக் குனிந்து மேசையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிக்கு இரண்டு பணியாளர்கள் சேர்ந்து மேசையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மாமா முதலில் மரச்சாமான்களிடம் அழைத்துப் போனார். மஹோகனி அலமாரி ஒன்றின் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்தார். மூலைகளில் மரத்தோடு மரம் கோத்த பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருந்தன, கையால் அறுத்தவை. இயந்திரம் அறுத்ததென்றால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். இருநூறு வருடம் ஆகப்போகும் அந்த அலமாரிக்கு மதிப்பு 60 முதல் 80 பவுண்டு. இந்தப் பழுப்பு மரச்சாமான்களின் விலை இந்த நூற்றாண்டு தொடங்கியதிலிருந்தே சரிந்துவிட்டது. சிறிய வீடுகளில் அவற்றை வைக்க இடமில்லை, இளையவர்களுக்கு அவை பிடிப்பதும் இல்லை. தச்சரின் கூலியில் ஒரு பங்குகூட இன்று கிடைக்காத விலைக்கு இவ்வளவு நல்ல வேலை போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்குச் சாமான் வாங்க நினைக்கும் ஒருவர் புதுக்கடைக்குப் போகுமுன் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

ஓவியங்களுக்கு முன்னால் மாமா வேறு ஒரு பாடம் நடத்தினார். பட்டியலில் ஓவியர் பெயர் மட்டும் இருந்தால், அவர் வரைந்தது என்று ஏலக்கூடம் நம்புகிறது. 'அட்ரிபியூட்டட் டு' என்றிருந்தால் அநேகமாக அவருடையதாக இருக்கலாம். 'சர்க்கிள் ஆஃப்' என்றால் அவர் காலத்தில் அவரைச் சுற்றி இருந்த யாரோ. 'மேனர் ஆஃப்' என்றால் பின்னாளில் அவர் பாணியில் யாரோ. 'ஆஃப்டர்' என்றால் நகல். கையொப்பத்திலும் இதே நுட்பம்: ஓவியர் போட்டது ஒரு சொல்லால், கையொப்பம் இருக்கிறது ஆனால் அவர் போட்டதென்று உறுதி சொல்ல மாட்டோம் என்பது இன்னொரு சொல்லால். இந்தச் சொற்களைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துக் கேட்டுவிட்டால், பிறகு முறையிட வழியில்லை. நம் லாட்டில் இருந்த ஏ.எஃப். என்பதும் இந்த இனம்தான். 'ஆஸ் ஃபவுண்ட்', இருக்கிறபடி. குறை உண்டு, என்ன குறை என்று நீங்களே பாருங்கள் என்று பொருள்.

பிறகு படங்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பினார். பின்பக்கம்தான் அவர் சொன்ன முதுகு. சட்டகம் செய்த கடையின் ஒட்டுச்சீட்டு, பழைய ஏல எண் எழுதிய சாக்பீஸ் கோடு, கிறிஸ்டீஸ் ஏலக்கூடம் தன்னிடம் வந்த படங்களில் பதித்த கறுப்பு ஸ்டென்சில் எண். ஒரு படத்தின் பின்னால் துணி புதிதாக வெளுத்திருந்தது, பழைய துணிக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டிப் பழுது பார்த்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்த இன்னொரு நீர்வண்ணப் படம் முழுதும் பொடிப்பொடிப் புள்ளிகள். அச்சடித்த நகல். கைப்பேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருந்தன. நேரில் போக முடியாதவர்கள் ஏலக்கூடத்துக்கு எழுதி நிலை அறிக்கை கேட்கலாம், பின்பக்கப் படமும் கேட்கலாம். பொது ஏலத்துக்கும் பெரும்பாலும் அனுப்பிவைக்கிறார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

கண்ணாடி அலமாரிக்குள் இலங்கையிலிருந்து வந்த பெட்டி ஒன்று இருந்தது. முள்ளம்பன்றி முட்களை வரிசையாக அடுக்கி மூடி செய்து, ஓரச் சட்டத்தில் வெள்ளைப் புள்ளிகள் பதித்த வேலை. காலி நகரில் 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஏராளமாகச் செய்தார்கள். அந்த வெள்ளைப் புள்ளிகள் யானைத் தந்தம். 2018-இல் இயற்றி 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டப்படி, 1947-க்கு முன் செய்த இதுபோன்ற பொருளில் தந்தம் பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே, அதுவும் பதிவு செய்த பிறகே விற்கலாம். இந்தப் பெட்டிக்கு அந்தப் பதிவு எண் இருந்தது. ஆனால் இதை இந்தியாவுக்குக் கொண்டுவர நினைத்தால் இன்னொரு நாட்டின் வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். அழகான வேலைப்பாடு. பார்த்து, மூடி வைத்துவிட்டேன்.

அதே அலமாரியின் கீழ்த்தட்டில்தான் அந்தச் சிலை இருந்தது. லாட் 377, இந்திய வெண்கலப் பெண் தெய்வம், ஒரு சாண் உயரம்கூட இல்லை. மதிப்பு 100 முதல் 150 பவுண்டு. பணியாளர் எடுத்துக் கையில் கொடுத்தார். மூக்கும் கன்னமும் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. வருடக்கணக்கில் எண்ணெயும் பாலும் சந்தனமும் வழிந்து, கை துடைத்துத் துடைத்து வரும் தேய்மானம் அது. பீடத்தில் பழைய அழுக்கு இறுகிக் கிடந்தது. ஒரு வீட்டுப் பூஜையறையில் இருந்ததாகவும் இருக்கலாம், சிறிய கோயில் ஒன்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். பட்டியலில் முன்வரலாறு என்ற இடத்தில் இருந்தது: தனியார் சேகரிப்பு, சஸ்ஸெக்ஸ்.

நான் அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எந்த வருடம் இந்த நாட்டுக்கு வந்தது, வாங்கிய ரசீதோ கப்பலில் ஏற்றிய தாளோ உண்டா, இதற்கு முன் எங்காவது ஏலம் போயிருக்கிறதா. அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், விற்பவரிடம் விசாரித்து மாலைக்குள் பதில் அனுப்பினார். பெற்றோரிடமிருந்து வந்தது, தாள் எதுவும் இல்லை.

"நாமே வாங்கி ஊருக்குக் கொண்டுபோயிட்டா என்ன?" என்று மாமா கேட்டார். இந்தக் கேள்வி பக்தியிலிருந்து வருவது, எனக்குள்ளும் அது எழுந்தது. ஆனால் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். ஏலக்கூடம் ஒரு ரசீது தரும். தாள் இல்லாத ஒரு சிலைக்கு அந்த ரசீதுதான் முதல் தாள். அடுத்த முறை அது விற்பனைக்கு வரும்போது, இன்ன வருடம் லூயிஸில் முறையாக வாங்கியது என்று எழுதுவார்கள். அதற்கு முந்தைய கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். திருட்டுப் பொருளாக இருந்தால், அதைக் கழுவிக் கொடுத்தவர் நாமாகிவிடுவோம்.

ரசீது இருப்பதால் மட்டும் ஒன்றும் தீராது என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போன திருமங்கையாழ்வார் சாட்சி. 1967-இல் சோதபீஸ் ஏலத்தில் அந்த வெண்கலச் சிலையை முறைப்படி வாங்கினார்கள். கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957-இல் எடுத்த புகைப்படத்தில் அதே சிலை இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் இருந்த படம் அது. ஆய்வாளர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டிய பின் அருங்காட்சியகமே 2019-இல் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தந்தது. 2024-இல் சிலையைத் திருப்பிக் கொடுக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இசைந்தது. மயிலாடுதுறைப் பக்கம் அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978-இல் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதை சிலைகளை 2020-இல் லண்டனில் இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தார்கள். அங்கும் அடையாளம் காட்டியது 1958-இல் எடுத்த அதே தொகுப்பின் படங்கள்தான். 1950களில் கேமராவைச் சுமந்துகொண்டு காவிரிக்கரைக் கோயில்கள் ஒவ்வொன்றாகப் போய் வந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

பல ஆயிரம் சிறு சிலைகளுக்குப் படம் கிடையாது. 377-இல் இருந்தவளுக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன். அந்தப் புகைப்படத் தொகுப்பைப் பற்றி அலுவலகத்துப் பெண்ணிடம் சொன்னேன், பெயரைக் குறித்துக்கொண்டார். அந்தச் சிலையை நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக 412. பணியாளர் ஒரு சிறிய மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மெல்லிய தாள்களுக்கு நடுவே மைக்கா எனும் காக்காப்பொன் தகடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னணி முழுதும் கண்ணாடிபோல் ஊடுருவி, உருவம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. தலையில் பானை சுமந்த பெண். துணி மூட்டையோடு வண்ணார். சக்கரத்தின் முன் குயவர். மகுடி ஊதும் பாம்பாட்டி. இடுப்பில் குடுவையும் அரிவாளுமாகக் கள் இறக்குபவர். தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்த நெசவாளியின் வேட்டிக் கரை ஒரு மயிரிழை அகலத்தில் சிவப்பாக ஓடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களில் இந்த வேலை நடந்தது. தெற்கே இதற்குப் பெயர்போன ஊர் திருச்சி. கேமரா பரவுவதற்கு முன் இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள், இங்கே யார் என்ன உடுத்துகிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஊருக்கு அனுப்பிக் காட்ட இவற்றை வாங்கினார்கள். எடை இல்லாத பொருள், கடிதத்தோடு வைத்து அனுப்பலாம். முகமும் கையும் மட்டும் வரைந்த அட்டை ஒன்று, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தால் உடையும் தொழிலும் மாறும்படி வரைந்த தகடுகள் பல என்று விளையாட்டுப்போலவும் செய்தார்கள். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆளை வகையாகப் பார்க்கும் ஆட்சியாளரின் கண்ணுக்காக வரைந்த படங்கள்தாம் இவை, அதை மறக்கக்கூடாது. ஆனால் பாம்பாட்டியின் தொடைமேல் தூங்கிவிட்ட குழந்தையை வரையச் சொல்லி எந்தத் துரையும் கேட்டிருக்க மாட்டார். அது ஓவியரே பார்த்தது.

"டார்ச்சைக் குறுக்கால புடி" என்றார் மாமா. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்ததும் குறைகள் எழுந்து நின்றன. மூன்று தகடுகளில் ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. ஒன்றில் குறுக்கே விரிசல். இரண்டில் வெள்ளை நிறம் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. காக்காப்பொன்மேல் நிறம் ஊறுவதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் உதிரும். நல்ல வேளையாக யாரும் டேப் ஒட்டிப் பழுதுபார்க்க முயலவில்லை. பட்டியலில் இல்லாத ஒன்றையும் கண்டோம். தகடுகளைச் சுற்றிய தாள்களில் பென்சிலால் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில்: கள் இறக்குபவர், ட்ரிச்சினாப்பள்ளி. பெட்டி மூடியின் உட்புறத்தில் மங்கிய மையில் ஒரு பெயரின் முதலெழுத்துகள். இந்தத் தாள்களைக் குப்பை என்று யாராவது எறிந்திருந்தால், அந்த ஊர்ப்பெயர் அத்தோடு போயிருக்கும்.

வீட்டைக் காலி செய்யும்போது இப்படித்தான் பொருள்கள் தம் கதையிலிருந்து அறுபடுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளும் கண்ணாடி ஓவியங்களும் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் சொல்வார். அதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. லூயிஸிலும் அதே நிலைதான். பொதுவாக விற்பவர் பெயரை ஏலக்கூடம் வெளியே சொல்வதில்லை, அது நியாயமும்கூட. ஆனால் கடிதம் எழுதிக் கொடுத்தால் சேர்ப்பித்துவிடுவார்கள் என்று மாமா சொன்னார்.

ஏலம் திங்கட்கிழமை. குரோய்டனில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டோம். மணிக்கு நூறு லாட்டுக்கு மேல் போகும் வேகம். ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுக்கும் நம் ஊர் ஏலத்தின் அவகாசம் அங்கே கிடையாது. இணையத்தில் கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை, உடனே சுத்தியல். படமும் ஒலியும் நொடிக்கணக்கில் தாமதமாக வருவதால் கடைசி வினாடிக்குக் காத்திருப்பவர்கள் தோற்றுப்போவார்கள்.

அதற்கு முன்பே மாமா கணக்கைப் போட்டு வைத்திருந்தார். கையிலிருந்து போகக்கூடிய மொத்தம் 300 பவுண்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்தால் சுத்தியல் விலை எவ்வளவு வரை போகலாம் என்ற கணக்கு. அந்தக் கூடத்தில் வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம், அந்தக் கமிஷன்மேல் 20 சதவீதம் வாட் வரி. தளத்தின் வழியே கேட்டால் தளத்துக்கு 5 சதவீதம், அதன்மேலும் வாட். 220 பவுண்டுக்கு அடித்தால் கமிஷன் 55, அதன் வரி 11, தளத்துக்கு 11, அதன் வரி 2.20. ஆக 299.20. முதல்முறை ஆன்லைன் ஏலத்தில் வாங்குகிறவர்கள் 220 என்று நினைத்துக் கேட்டுவிட்டு ரசீதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். வாங்கியதைத் தபாலில் அனுப்ப ஏலக்கூடங்கள் பல முன்வருவதில்லை. தனியாகப் பொதிகட்டும் ஆளைப் பிடிக்க வேண்டும், குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் வைப்புக் கூலியும் ஏறும். பதிவு செய்யும்போதே வங்கி அட்டையைக் கேட்கிறார்கள், பெரிய லாட்டுகளுக்கு முன்பணமும் வாங்குகிறார்கள். மேற்கு லண்டனின் ருய்ஸ்லிப்பில் 2010-இல் ஒரு சீனச் சாடி 4.3 கோடி பவுண்டுக்கு ஏலம் போய், கேட்ட தொகை வந்து சேராமலே போன பிறகு, அந்த முன்னெச்சரிக்கையை யாரும் குறை சொல்ல முடியாது.

377 மதியத்துக்குச் சற்று முன் வந்தது. 90 பவுண்டில் தொடங்கி, இணையத்தில் இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டு 340-இல் முடிந்தது. மாமா எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

412-ஐ 80-க்குத் தொடங்கினார்கள். கூடத்திலிருந்து ஒருவர், தளத்திலிருந்து ஒருவர், நாங்கள். 150-இல் கூடத்துக்காரர் விலகினார். 200 எங்கள் கேட்பு. திரையில் சிறிது நேரம் எதுவும் அசையவில்லை, பிறகு ஏலக்காரர் எதிர்க்கேட்பு 220 என்றார், உடனே திருத்திக்கொண்டு எதிர்க்கேட்பு இல்லை, 200 எங்கள் கேட்புதான் என்றார். சுத்தியல் விழுந்தது.

பெட்டியை எடுக்கப் போனபோது நான் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். ஓவியங்கள் எந்த ஊருடையவை, எவ்வளவு கவனமாக வைக்கப் போகிறேன் என்று சொல்லி, இவை உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தன என்று கேட்டிருந்தேன். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் ஊர் திரும்பிய பிறகு பதில் வந்தது, மின்னஞ்சலாக, ஏலக்கூடத்தின் வழியே. எழுதியவர் ஒரு பெண்மணி. பாட்டியின் தாத்தா தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தார், 1880களில் திருச்சியில் குடியிருந்தார், மனைவி அங்கேயே காய்ச்சலில் இறந்தார், பென்சில் எழுத்து அந்த மனைவியுடையது என்று குடும்பத்தில் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். மூடியில் இருந்த முதலெழுத்துகளுக்கு முழுப்பெயரும் தந்திருந்தார். பாண்டமங்கலத்துப் பக்கம் ஒரு தோட்ட வீடு என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறாராம், அப்படி ஒரு இடம் உண்டா என்று கேட்டிருந்தார். உறையூரை ஒட்டி அந்த ஊர் இருக்கிறது என்று எழுதினேன், போய் எடுத்த சில படங்களையும் அனுப்பினேன்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் இந்தியாவுக்குள் வந்துவிட்டால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை மறுபடி வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரும் இனி இங்கேதான். அமிலமில்லாத தாளில் ஒவ்வொன்றையும் மாற்றிச் சுற்றிவிட்டேன். பென்சில் எழுத்துள்ள பழைய தாள்கள் தனி உறையில். ஏலக்கூடத்தின் ரசீது, லாட் சீட்டு, அந்த அம்மாளின் கடிதம், தகடுகளின் இருபுறப் படங்கள் எல்லாம் அதே பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன, ஒரு பிரதி மாமாவிடம். கள் இறக்குபவரின் தகட்டில் ஓரம் இன்னும் பிரிகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்க, எழும்பூர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன்.